அடுக்களைக் கதவு

சுனாமி வந்துபோய் ஏழெட்டு வருடம் கழிந்த ஓர் ஆடி மாதம். குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர் ஜங்ஷனில், ஒரு மழைக்காலைப் பொழுதில், நானும் என் மகளும் நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து இறங்கினோம். அவளுக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. என் தோளில் ஒரு துணிப்பை. அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் அரிசி, உப்பு, தீப்பெட்டி, ஒரு பால் பாக்கெட். எங்களோடு பாதுகாப்பு அலுவலர் மேடமும் வந்திருந்தார்கள். எங்கள் சொந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பிக் குடிபோகிற நாள் அது. சொந்த வீட்டுக்குள் திருடியைப் போல நுழைய வேண்டிவரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போயிருப்பேன்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் கடற்கரையில் பெண்ணுக்குத்தான் வீடு. கல்யாணம் கட்டிக் கொடுக்கும்போது பெற்றவர்கள் எப்பாடு பட்டாவது ஒரு வீட்டைக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை வந்து அதில் இருப்பார். எனக்கும் அப்படி ஒரு வீடு கிடைத்தது. அதைக் கடல் கொண்டுபோனது. பிறகு கவர்மெண்டு காலனியில் வீடு தந்தார்கள், என் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும் சேர்த்து. இரண்டிரண்டு வீடாக ஒட்டிக் கட்டியது, நடுவில் ஒரே ஒரு சுவர். காண்டிராக்ட் வேலை என்பதால் முதல் மழையிலேயே கதவெல்லாம் ஊறி நிலையை விட்டு விலகின. அதற்கென்ன, தலைக்கு மேலே கூரை இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

அவர் கொல்லத்துப் பக்கம் விசைப்படகில் வேலைக்குப் போகிறவர். போட்டுக்குப் போயிருக்கிற மாதங்களில் எனக்கும் மகளுக்கும் நல்ல காலம். ஆனி, ஆடியில் போட்டுகளைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். கடல் தொழில் ஓய்ந்துவிடும், வீட்டுக்குள் புயல் தொடங்கிவிடும். குடித்துவிட்டு அடிப்பார், குடிக்காமலும் அடிப்பார். "இது எனக்க வீடு, வெளிய எறங்கு" என்பார். கடல் கொண்டுபோன வீட்டில் இருந்தபோது அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவரால் சொல்ல முடிந்ததில்லை.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். மீன் விற்கப் போகிறவர். எங்கள் வீட்டில் சத்தம் கூடும்போதெல்லாம் அவர் வீட்டு டிவியில் சத்தம் கூடும். எத்தனையோ நாள் நான் அடிவாங்கிக்கொண்டே சீரியல் கதை கேட்டிருக்கிறேன். மறுநாள் பைப்படியில் என் வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போவார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அடிக்கிறவன் ஒரு கொடுமை என்றால், கேட்டுக்கொண்டே கேளாதது போல இருக்கிறவள் இன்னொரு கொடுமை என்று நினைப்பேன்.

கடைசியில் ஒருநாள் என் கையை உடைத்தார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ்தான் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லிவிட்டது. குடும்ப வன்முறைக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது, தங்குவதற்கு இடம் இருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் எனக்குத் தெரியும். மகளைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் அரசு உதவியில் நடக்கும் காப்பகத்துக்குப் போனேன். அங்கே இருந்துகொண்டே கோர்ட்டுக்கு நடந்தேன். அந்த வீட்டில் குடியிருக்க எனக்கு உரிமை உண்டு, அவர் அங்கே வந்து தொந்தரவு செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. உத்தரவைக் கையில் வாங்கி, கொண்டுவந்தவர் முன்னாலேயே கிழித்துப் போட்டாராம். வீட்டைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு, பக்கத்து ஊரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். "அவ அந்த வாசல்ல கால வச்சா வெட்டுவேன்" என்று கடற்கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்குள் இன்னொரு இடி. காலனியில் பூட்டிக் கிடக்கிற வீடுகளை, வீடில்லாத மற்றவர்களுக்கு மாற்றிக் கொடுக்கப் போவதாகப் பேச்சு. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, ஆள் இல்லை என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. காப்பகத்திலோ எனக்குத் தந்திருந்த தவணை தீர்ந்துவிட்டது. மேடம்தான் ஓடியாடி ஒரு நாளைக் குறித்தார்கள். போலீஸ் வரும், கிராம அலுவலர் வருவார், பூட்டை உடைத்து உங்களை உள்ளே விட்டுவிட்டுத்தான் நான் திரும்புவேன் என்றார்கள். அவருக்குத் தெரியாமல் காரியம் முடிய வேண்டும் என்பதால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் மூச்சு விட்டுவிட்டார்கள். சாட்சிக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் நின்றால் நல்லது என்று எங்கள் மாதா கோயில் ஆபீசுக்கு போன் செய்திருந்தார்கள்.

மேடம் வெளி மாவட்டம். எங்கள் ஊர் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் கோயில் ஆபீசுக்கு ஒரு சேதி போனால் அது மைக்கில் போகும். மண்ணெண்ணெய் வந்தாலும் மைக், மரித்தவருக்கு அடக்கம் எத்தனை மணிக்கு என்றாலும் மைக், ஒருவனுடைய ஆடு காணாமல் போனாலும் மைக். அங்கே வேலை பார்க்கிற அண்ணன் தங்கமான மனிதர். நல்ல காரியம்தானே என்று முந்தின நாள் சாயங்கால செபம் முடிந்ததும் என் பெயர், என் அப்பா பெயர், வீட்டு அடையாளம் எல்லாம் சொல்லி, "நாளைக் காலையில் அதிகாரிகள் வந்து வீட்டைத் திறந்து கொடுக்கிறார்கள், பங்குப் பேரவை உறுப்பினர்கள் தவறாமல் வரவும்" என்று இரண்டு தடவை அறிவித்திருக்கிறார். கோபுரத்தில் நாலு பக்கமும் குழாய். பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும்.

இது எதுவும் தெரியாமல்தான் ஜங்ஷனில் இறங்கினோம். முதலில் என் கண்ணில் பட்டது அந்தப் பக்கத்து வீட்டு அக்காதான். மீன் சுமக்கிற சருவத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி, நேராக என்னை நோக்கி வந்தார்.

"ஏட்டி, நில்லு. காலனிக்குப் போவாண்டாம். நேத்து மைக்குல எல்லாத்தையும் விளிச்சுச் சொல்லியாச்சு. அவன் வெடிஞ்சதுல இருந்து ஒனக்க முன்வாசல்ல இருக்கான். கூட ரெண்டு பேரு உண்டு."

மகள் வாளியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மேடம் உடனே போலீசுக்கு போன் போட்டார்கள். ஒரு மந்திரி வருகிறாராம், எல்லோரும் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார்கள், மதியத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. கிராம அலுவலருக்குப் போட்டார்கள். அவர் ஏற்கெனவே காலனியில்தான் நின்றார். "மேடம், இங்க நெலம சரியில்ல. இன்னொரு நாள் வச்சுக்கலாம். வீடு பூட்டியிருக்குன்னுதான் நான் இன்னைக்கு எழுத முடியும்" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. மேடத்துக்கு என்னைவிட வயது குறைவு. கண் கலங்கிவிட்டது அந்தப் பிள்ளைக்கு. "திரும்பிப் போயிடலாமாக்கா?" என்று கேட்டார்கள்.

எங்கே திரும்பிப் போவது? காப்பகத்தில் எங்கள் கட்டிலுக்கு அடுத்த ஆள் வந்தாயிற்று. அன்றைக்கு உள்ளே போகாவிட்டால் வீடும் போயிற்று. அதற்குப் பிறகு எனக்கும் என் மகளுக்கும் இந்த பஸ் நிறுத்தம்தான் முகவரி.

அந்த அக்கா விலகாமல் அங்கேயே நின்றார். "வா, எனக்க வீட்டு வழியா போவோம்" என்றார். "ஒனக்க அடுக்களைக் கதவ மறந்துபோனியா?"

மறந்துதான் போயிருந்தேன். காலனியில் எல்லா வீட்டிலும் அடுக்களைக் கதவு ஒரே லட்சணம்தான். உள்ளே கொண்டி போட்டிருந்தாலும் வெளியே நின்று கதவை இரண்டு கையாலும் மேலே தூக்கி, இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினால் கொண்டி தானாகக் கழன்றுவிடும். தண்ணீர் பிடிக்கப் போய்விட்டு சாவியைத் தொலைத்தவர்கள், பிள்ளை உள்ளே கொண்டி போட்டு மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் திறப்போம். பெண்களுக்கெல்லாம் தெரியும். ஆண்கள் ஒருவருக்கும் தெரியாது. அடுக்களைப் பக்கம் வந்திருந்தால்தானே தெரியும்! அத்தனை வருடத்தில் என் வீட்டுக்காரர் அந்தக் கதவைத் தொட்டு நான் பார்த்ததில்லை. முன்கதவைப் பூட்டினால் வீடு பூட்டியாயிற்று என்று அவருக்கு நினைப்பு.

ஆனால் இவரை எப்படி நம்புவது? இவருடைய புருஷனும் என்னுடைய ஆளும் ஒரே போட்டில் வேலைக்குப் போகிறவர்கள். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைத்துவிட்டால்? என் முகத்தில் அது எழுதியிருந்திருக்க வேண்டும். அக்கா சருவத்தைக் கீழே வைத்தார்.

"டிவிச் சத்தத்தக் கூட்டி வச்சவதான் நான். அது ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்க மவ கேப்பா, 'அம்மா, சித்திய அடிக்காவ, போம்மா'ன்னு. நான் போவல. பயம். இன்னைக்கு அதெல்லாம் பேச நேரமில்ல. பிள்ளையத் தா."

நான் தந்தேன் என்று சொல்ல மாட்டேன். என் மகள்தான் ஒரு கையை வாளியிலிருந்து எடுத்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு யோசனை வரவில்லை.

அப்போது கடற்கரையில் ஏலம் முடிந்து மீன்காரப் பெண்கள் ஜங்ஷனுக்கு வந்துகொண்டிருந்தார்கள். மைக் சேதி அவர்களுக்கும் தெரியும். அக்கா அவர்களிடம் இரண்டே வார்த்தை பேசினார். எங்கள் ஊர் ஏலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நல்ல மீனாக ஒரு குவியல் விழுந்துவிட்டால் பெண்கள் தோளோடு தோள் ஒட்டி வளைத்து நின்றுவிடுவார்கள். அப்புறம் எந்த ஆம்பளையும் உள்ளே தலையை நீட்ட முடியாது. அதே போல மேடத்தை நடுவில் விட்டு வளைத்துக்கொண்டார்கள். ஒருத்தி என் துணிப்பையை வாங்கித் தோளில் மாட்டி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேடத்தின் பக்கத்தில் குனிந்து நின்றாள். தூரத்திலிருந்து பார்த்தால் நான்தான். கூட்டம் காலனிக்கு முன்வழியாகக் கிளம்பியது. நானும் அக்காவும் மகளும் தென்னந்தோப்பு வழியாகப் பின்னால் போனோம்.

அந்த நடை இருக்கிறதே, என் வாழ்நாளில் அதைப்போல ஒன்று நடந்ததில்லை. ஒவ்வொரு ஓலை விழுகிற சத்தத்துக்கும் உயிர் போய்ப் போய் வந்தது. அக்கா வீட்டுப் பின்முற்றத்துக்கு வந்ததும் மகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். இரண்டு முற்றத்துக்கும் நடுவில் ஓலைத் தட்டி கட்டியிருந்தது. அதை ஒரு மூலையில் பிய்த்து ஒதுக்கினார். முன்பக்கம் என் வீட்டுக்காரரின் சத்தம் கேட்டது.

"வாட்டி வெளிய! பொம்பளைகளுக்கு எடையில ஒளிஞ்சா நிக்க? தைரியம் இருந்தா முன்ன வாட்டி!"

கூட்டத்தைப் பார்த்துத்தான் கத்துகிறார் என்று புரிந்தது. நான் கதவைப் பிடித்துத் தூக்கினேன். உடைந்து கூடிய கையில் பலமில்லை. அசையவே இல்லை. அக்கா பின்னால் வந்து என் கைக்குக் கீழே அவர் கையைக் கொடுத்தார். "இப்ப தூக்கு, தள்ளு." உள்ளே கொண்டி கழன்று விழுந்தது. அந்தச் சத்தம் ஊருக்கே கேட்டுவிட்டது போல எனக்கு இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். வீட்டுக்குள் ஒரே இருட்டு. பழைய கள்ளின் நாற்றம். தடவித் தடவி ஓடிப்போய் முன்கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டேன். துருப்பிடித்த தாழ்ப்பாள் கிறீச்சென்று கத்தியது.

வெளியே சத்தம் சட்டென்று நின்றது.

எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பலகை. அவர் மூச்சு கேட்டது. அப்புறம் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்க்கிற சத்தம், பூட்டு திறக்கிற சத்தம். கதவு ஒரு தடவை குலுங்கியது. இன்னொரு தடவை. தாழ்ப்பாளின் ஆணி ஒன்று சுவரிலிருந்து வெளியே எட்டிப் பார்த்தது. நான் முதுகைக் கொடுத்து நின்றேன். மாதாவே என்றுகூட வாயில் வரவில்லை.

அப்போதுதான் பக்கத்துச் சுவரில் டக் டக் என்று ஒரு தட்டு. "அம்மா, உள்ள போயிட்டியா?" என் மகளின் சத்தம், கூடவே இருந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக. அந்தச் சுவர் எத்தனை மெல்லியது என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. என் அழுகை எல்லாம் அந்தப் பக்கம் இப்படித்தான் கேட்டிருக்கும். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, எனக்கு ஒரு தைரியம் வந்தது. ஒரு கையால் எட்டி முன்ஜன்னலைத் திறந்தேன்.

"சார்! நான் எனக்க வீட்டுக்குள்ளதான் இருக்கேன். வீடு பூட்டியில்ல. எழுதிக்கிடுங்க!"

பைக்கில் ஏறப்போன கிராம அலுவலர் அப்படியே நின்றுவிட்டார். முக்காடு போட்டிருந்தவள் முக்காட்டை எடுத்தாள். பெண்கள் கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், மழைச் சத்தத்தையும் மீறி! அவரோடு வந்திருந்த இரண்டு பேரும் அந்தச் சிரிப்பிலேயே நழுவிவிட்டார்களாம். அவர் மட்டும் விடவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினார்.

பின்பக்கக் கதவுக்குக் கொண்டி இல்லை. அது கீழே கிடக்கிறது. நான் ஓடிப்போய்க் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். வாசலை அடைத்தாற்போல அக்கா அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து, மழையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய பாரை. தலையை நிமிர்த்தவே இல்லை.

"விலகுங்க மைனி" என்றார் அவர்.

"மீனு வெட்டுகேன், கண்ணு தெரியலியா? இது பொம்பளைக பொழங்குற எடம். ஒனக்கு இங்க என்ன சோலி? இத்தன வருசத்துல ஒரு நாளு இந்தப் பக்கம் வந்தியா?"

மீனின் தலை துண்டாக விழுந்தது. அவருடைய கை மடிக்குப் போனதையும், மடியில் கத்தி இருந்ததையும் அக்கா பார்த்தாராம், பிறகு சொன்னார். பார்த்துவிட்டு அடுத்த துண்டை வெட்டினாராம். அதற்குள் முன்பக்கத்து வட்டம் மொத்தமும் பின்பக்கம் வந்துவிட்டது. மேடம் விடாமல் போன் போட்டுக்கொண்டே இருந்ததில் எங்கிருந்தோ ஒரு போலீஸ் ஜீப்பும் வந்து சேர்ந்தது. ஜீப்பில் ஏற்றும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த அடுக்களைக் கதவைத்தான் பார்த்துக்கொண்டே போனார். அது அங்கே இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது போல.

பால் காய்ச்ச வீட்டில் ஒரு பாத்திரம் இல்லை, எல்லாவற்றையும் விற்றுக் குடித்திருந்தார். அக்கா வீட்டுப் பாத்திரத்தில் காய்ச்சினோம். மேடமும் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். சாயங்காலம் கோயில் மைக்கில் அந்த அண்ணன், "அதிகாரிகள் வந்து வீட்டை நல்லபடியாகத் திறந்து கொடுத்தார்கள், ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி" என்று அறிவித்தார். அடிக்கலாமா கும்பிடலாமா என்றிருந்தது எனக்கு. அவர் அறிவிக்காமல் இருந்திருந்தால் எனக்கு அந்த ஆபத்து வந்திருக்காது. அந்தப் பெண்களும் வந்திருக்க மாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் பிறகு கொல்லத்தோடு போய்விட்டார். ஆசாரியை வரவழைத்து அடுக்களைக் கதவை மாற்றினேன், நல்ல பூட்டாகப் போட்டேன். ஆசாரி இரண்டு சாவி தந்தார். ஒன்றைக் கொண்டுபோய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் கொடுத்தேன். அக்கா வாங்கி டிவிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். அது இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது. வீடு தந்தது கவர்மெண்டு, அதில் குடியிருக்கும் உரிமை தந்தது கோர்ட்டு, இரண்டையும் நான் மறக்க மாட்டேன். ஆனாலும் விளக்கை அணைத்துவிட்டுப் பயமில்லாமல் நான் தூங்குவது, என் அழுகை கேட்டால் இந்த முறை எழுந்து வருகிற ஒருத்தியிடம் என் வீட்டுச் சாவி இருக்கிறது என்பதால்தான்.